மாடியில் விட்டுச்சென்ற ரெக்கே கேசட்டுகள்

மாடிப் போர்ஷனுக்கு ஆள் தேடியபோது அம்மா தரகரிடம் இரண்டே நிபந்தனைகள் சொன்னாள். வீட்டுக்குள் அசைவம் கூடாது. சாயங்காலம் வீணை வகுப்பு நடக்கும் நேரத்தில் சத்தம் கூடாது. தரகர் அழைத்து வந்த ஆள் இரண்டுக்கும் உடனே தலையாட்டினான். தான்சானியாவிலிருந்து மருந்தியல் படிக்க வந்தவன். குனிந்துதான் எங்கள் வாசல் நிலையைத் தாண்ட முடிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், தரகரைப் பார்த்தாள், கடைசியில் அவனை நிமிர்ந்து பார்த்து, “தயிர்சாதம் சாப்பிடுவியா?” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

“தினமும் சாப்பிடுவேன்” என்றான். அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் சாவி கைமாறிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் வெளியூர்க்காரர் குடிவருவதே பேச்சுக்குரிய விஷயம். எதிர்வீட்டு மாமி அன்று மாலையே வந்துவிட்டாள்.

“ஏண்டி, வேற ஆளே கெடைக்கலியா நோக்கு?”

“அவன் செருப்பை வாசல்ல விட்டுட்டு வரான். கேட்டை மெதுவாச் சாத்தறான். இதுக்கு முன்னாடி இருந்தவா ரெண்டையும் பண்ணலை” என்றாள் அம்மா. மாமிக்கு அந்தப் பதில் போதவில்லை. பல மாதங்களுக்குக் காபி குடிக்கக்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அவன் தமிழைத் தெருமுனை டீக்கடையில் கற்றுக்கொண்டான். அதனால் ஒரு காலையில் மாடிப்படியில் நின்று, “அம்மா, இன்னா மா, தண்ணி வர்லியே?” என்று குரல் கொடுத்தான். வாழ்நாளெல்லாம் ‘ஆத்துல’ என்றும் ‘வந்துண்டு’ என்றும் பேசிய அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள். திருத்தலாமா என்று நான் கேட்டேன். “வேண்டாம், நன்னாத்தான் இருக்கு” என்றாள்.

அவனுடைய உடைமைகளில் பெரியது ஒரு சூட்கேஸ். துணிகள் ஒரு பையில் அடங்கிவிட்டன. சூட்கேஸ் முழுக்கக் கேசட். எல்லாமே ரெக்கே, ஜமைக்கா நாட்டுச் சங்கீதம். உலகத்துக்கே தெரிந்த அந்த ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை நான் பாண்டி பஜார் நடைபாதையில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அவனிடம் இருந்தது வேறு. எழுபதுகளில் ஜமைக்காவில் சின்னச் சின்ன ஸ்டூடியோக்களில் பதிவு செய்து, கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சிட்டு, அதோடு மறைந்துபோன பாட்டுகள். ‘ரூட்ஸ்’ என்று அவன் சொன்னான். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று பாடியவை. அந்த ஆப்பிரிக்காவிலேயே பிறந்த அவன் அவற்றைத் தன் ஊரான தார் எஸ் சலாமில் வானொலியில் கேட்டு, நண்பர்களிடம் வாங்கிப் பதிந்து, மயிலாப்பூர் வரை தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு மோதல். கீழே நாலு பெண்கள் வீணையோடு உட்கார்ந்திருக்க, மேலேயிருந்து பேஸ் கிதாரின் அதிர்வு கூரை வழியாக இறங்கியது. வீணைத் தந்திகள் தாமாகவே முனகின. அம்மா விடுவிடுவென்று மாடியேறினாள். திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது. அதன் பிறகு வகுப்பு நேரத்தில் கீழே கேட்கும்படி அவன் தவறியும் பாட்டு வைத்ததில்லை. காலையில் வைப்பான். நான் பல் தேய்த்துக்கொண்டே மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடித்ததற்குக் காரணம் அப்போது சொல்லத் தெரியவில்லை. தலையில் பெரிய சுமையோடு ஒருவர் அவசரமே இல்லாமல் நடந்துபோவது போல இருந்தன. வார்த்தைகள் துயரம், நடை மட்டும் சந்தோஷம்.

ஒருநாள் அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் போட்டாள்.

“ஏண்டா, இந்தப் பாட்டுல முதல் அடியில ஆளே இல்லையேடா! நாம தட்டற எடம் காலியா இருக்கு. மூணாவது அடியிலதான் பொத்துனு விழறது. அந்தக் கிதாரும் பாரு, எல்லாம் அரை எடம் தள்ளித்தான்.”

“தப்பா வாசிக்கறாளா?”

“தப்பா? எவ்வளவு கெட்டியாப் பிடிச்சுண்டு வாசிக்கறா! நம்மாத்துக் கொழந்தைகளுக்கு அரை எடம் தள்ளி எடுக்கச் சொன்னா அழுதுடறதுகள்” என்றாள். அன்றிலிருந்து காலைச் சங்கீதத்தைப் பற்றி அவள் எந்தக் குறையும் சொன்னதில்லை.

படிப்பு முடிந்து அவன் ஊருக்குக் கிளம்பியபோது விமானத்தில் எடை பிரச்சினை. புத்தகங்களை விட முடியாது. சூட்கேஸை என்னிடம் கொடுத்து, “யாராவது வரும்போது கொடுத்தனுப்பு. அதுவரைக்கும் நீ கேளு” என்றான். அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினான். எங்கே கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை. சூட்கேஸ் பரணுக்குப் போனது. இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டாவது கடிதம், அந்த முகவரியில் ஆள் இல்லை என்ற முத்திரையோடு, சில மாதங்கள் கழித்து என்னிடமே திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒட்டடை அடிக்கப் பரணில் ஏறியவன் சூட்கேஸைத் திறந்து பார்த்தேன். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக, டேப்பின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினாற்போல் இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதிலும். யாரோ நம்பிக் கொடுத்த பிள்ளை காய்ச்சலில் கிடப்பதைப் பார்த்தது போல இருந்தது.

அப்போது நான் தேனாம்பேட்டையில் ஒரு டிடிபி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், இரண்டாவது மாடியில், நாலு கம்ப்யூட்டர்கள். கல்யாணப் பத்திரிகை, கல்லூரி நோட்ஸ், கோயில் மலர், எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். என் பக்கத்து நாற்காலியில் ஊரூர் குப்பத்திலிருந்து வரும் பெண். என் வயதுதான். அவள் அம்மா பெசன்ட் நகரில் மீன் விற்பவர், அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பாள். அலுவலகத்தில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கேசட்டை எடுத்துப்போய் அவளிடம் காட்டினேன்.

“இன்னா பா இது, பூஞ்சக்காளான் புட்ச்சிகீது? அப்டியே ஓட்னேன்னா டேப்பும் போவும், டெக்கும் போவும்.”

“காப்பாத்த முடியுமா?”

“ஸ்க்ரூவக் கயட்டி, பஞ்சுல தொடைக்கணும். தொடச்சுகினே ஒரு தபா ஓட்டிட்டு, உடனே வேற எடத்துல பதிஞ்சிடணும். எத்தினி கீது?”

“ஒரு சூட்கேஸ்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “சூட்கேஸா? இன்னாத்துக்கு பா ஒனக்கு இந்த வேல?”

பதில் சொல்வதை விடப் பாட்டையே போட்டுக் காட்டலாம் என்று தோன்றியது. பூஞ்சை பிடிக்காத ஒரு கேசட்டை மறுநாள் வாக்மேனோடு கொண்டுபோனேன். மதிய உணவு நேரத்தில் கேட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பாட்டு பாதியில் இருக்கும்போதே நிறுத்தி, “இது நாங்க கோயில்ல பாட்றதுதான் பா. அடிமையா இட்டுனு போனாங்கோ, ஆத்தோரம் குந்தினு அய்தாங்கோன்னு வரும். அதத்தான் இந்தாளு பாட்றாரு. ஆனா இப்டி ஒரு பேஸ நான் கேட்டதே இல்ல” என்றாள். பிறகு பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்டாள். என் வேலையில் அவளும் சேர்ந்துகொண்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முதலாளி நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, “போறப்ப ஃபேன், லைட்டெல்லாம் அணைச்சிட்டுப் போங்க” என்றார். சர்ச்சில் பூசை முடிந்து அவள் நேராக அலுவலகத்துக்கு வருவாள், தலையில் மல்லிகைப்பூவோடு. நான் மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில், பின்னால் சூட்கேஸைக் கட்டிக்கொண்டு. மேசையில் செய்தித்தாளை விரித்து, கேசட்டுகளைப் பிரித்து வைப்போம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை டேப்பின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நான் மெதுவாகச் சுற்ற வேண்டும். பஞ்சில் பழுப்புப் படியும். ஓடு உடைந்திருந்தால் வேறொரு பழைய பக்திப் பாடல் கேசட்டின் ஓட்டுக்குள் டேப்பை மாற்றுவோம். டெக்கிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டுக்குப் போகும். திரையில் அலை அலையாகக் கோடு ஏறி இறங்கும்போது அவள் கையைத் தட்டுவாள், மீன் வலை கனத்து வந்தது போல.

சில டேப்புகள் அறுந்தன. சில, தொட்டதுமே பொடிந்தன. பெரும்பாலானவை பிழைத்தன.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்ப் பதிப்பாளர்களிடமிருந்து வேலை வாங்குவதற்காக அலுவலகத்துக்கு இன்டர்நெட் இணைப்பு வந்தது. டெலிபோன் லைனில் மோடம் கீச்கீச்சென்று கத்தி, சில சமயம் ஒட்டும், சில சமயம் ஒட்டாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்:

“இத நாம ரெண்டு பேரு மட்டும் கேட்டுகினு குந்தினுந்தா இன்னா யூஸு? ஓசில வெப்சைட் தர்றானுங்க. போட்டுடலாம்.”

“யாரு பாப்பாங்க?”

“பாக்காட்டி இன்னா போவுது?”

இலவச இடம் என்பதால் பக்கத்தின் தலையில் எப்போதும் ஒரு விளம்பரம் துடித்துக்கொண்டிருக்கும். கொடுத்த இடமோ கைக்குட்டை அளவு. ஒலியைச் சுருக்கிச் சுருக்கி, ஒரு வாரத்துக்கு நாலைந்து பாட்டுகள் போட்டு, அடுத்த வாரம் அவற்றை எடுத்துவிட்டு வேறு போட்டோம். எடுத்தவை அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பாடியது, எங்களுக்குத் தெரிந்த விவரம் என்ன, வரிகள் என்ன என்று எழுதினோம். ஜமைக்கா ஆங்கிலத்தை மயிலாப்பூர்க் காதும் குப்பத்துக் காதும் சேர்ந்து கேட்டு எழுதிய வரிகள் அவை. ஒரே வரிக்காக ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பர்மிங்காமிலிருந்து ஒரு நர்ஸ் எழுதினார். இளம்பெண்ணாக இருந்தபோது நடனக்கூடத்தில் கேட்ட பாட்டு ஒன்றை இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாராம், அது எப்படிச் சென்னையில் கிடைத்தது என்று கேட்டிருந்தார். பிறகு பிரேசிலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பிறகு ஹாலந்தில், பெயர் சொல்லாமல் ‘லாரி ஓட்டுகிறேன்’ என்று மட்டும் சொன்ன ஒருவர். ஒவ்வொருவரும் கேட்டார்கள், ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டு முகவரிக்குக் கேசட் பார்சல் வரத் தொடங்கியது. தபால்காரர் வெளிநாட்டுத் தபால்தலைகளைப் பார்த்து, “பையன் அமெரிக்கா போறானா மாமி?” என்று அம்மாவைக் கேட்டார். “அமெரிக்காதான் இங்க வந்துண்டிருக்கு” என்றாளாம்.

ஒரு வாரம் பெயரெழுதாத கேசட்டிலிருந்து ஒரு பாட்டைப் போட்டோம். பதிவு சுமாராக இருந்தது. அதில் பின்னணியில் ஏதோ இரைச்சல் என்று நாங்கள் விட்டுவிட்டோம். வழக்கத்தைவிட அதிகமாக மெயில்கள் வந்தன. நர்ஸ் கேட்டார்: “இதில் பின்னால் ஒரு தந்தி வாத்தியம் வாசிக்கிறதே, அது என்ன? இந்தப் பாட்டின் எத்தனையோ வடிவங்களைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.” ஹாலந்து லாரிக்காரர் அது சிதார் என்று அடித்துச் சொன்னார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். பாட்டு, அதற்கடியில் பேஸ், அதற்கும் அடியில், தூரத்தில், வீணை. ஒரே சங்கதி மறுபடியும் மறுபடியும்.

அடுத்த ஞாயிறு அம்மாவை ஆட்டோவில் தேனாம்பேட்டைக்கு அழைத்து வந்தேன். அவள் இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்கி, என் தோழி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஹெட்போனைக் கொண்டைக்குச் சேதம் வராமல் மாட்டிக்கொண்டாள். தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“இது நம்மாத்து வகுப்புடா! நான் சொல்லிக்கொடுத்த வர்ணம். அந்தத் தடிமாடு அதே எடத்துல அதே தப்பைப் பண்ணிண்டிருக்கு பாரு. எத்தனை தரம் சொல்லியிருக்கேன்!”

என் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

“இரு, இரு. நாலு ஆவர்த்தனம் ரெண்டும் ஒண்ணாப் போறது. அப்பறம் பிரியறது… மறுபடி சேர்றது பாரு. அட ராமா.”

கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். அப்படியானால் அம்மாவை வைத்து ஒழுங்காகவே ஒன்று பதிவு செய்யலாமே என்று என் தோழி ஆசையாகக் கேட்டாள். “கிதாருக்கு நான் கீறேன் மா!”

அம்மா மறுத்துத் தலையை ஆட்டினாள். “இது தெரியாம வந்து விழுந்தது. அதான் நன்னா இருக்கு. தெரிஞ்சு பண்ணினா நீயும் பயப்படுவே, நானும் பயப்படுவேன். இதை இப்படியே விடு.” ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கென்று வீட்டிலிருந்து ஏதாவது என்னிடம் கொடுத்தனுப்ப அம்மா மறந்ததில்லை, பெரும்பாலும் தட்டை.

விளக்கத்தை எங்கள் வெப் பக்கத்தில் எழுதினேன். மாடி, கீழே வீணை வகுப்பு, திறந்திருந்த ஜன்னல். அந்தப் பதிவின் புகழ் எங்கெங்கோ பரவியிருக்க வேண்டும். சில வாரங்களில் ஒரு மெயில் வந்தது. ஆங்கில எழுத்தில், ஆனால் முதல் வரி தமிழ்: “அம்மா, இன்னா மா, நல்லா கீறியா?”

அவனேதான். ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலையாக இருந்தான். குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டதால்தான் கடிதம் திரும்பியிருக்கிறது. ரெக்கே தேடப்போய் ஒரு நண்பன் எங்கள் பக்கத்தைக் காட்ட, வீணை என்று படித்ததுமே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டானாம். அவனுடைய இரட்டை டெக்கில் ஒரு பக்கம் பழுதாகி இருந்ததாம். கல்லூரி நண்பனிடம் டேப் ரெக்கார்டர் கடன் வாங்கி, எதிரெதிரே வைத்து, மைக்கில் பதிவு செய்தானாம், வகுப்பு நேரம் என்பதால் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. அதனால்தான் வீணை அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. சிரமம் இல்லையென்றால் கேசட்டுகளை அனுப்ப முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தான். அவன் மகளுக்குப் பேர் வைத்தாகிவிட்டது, இனிப் பாட்டு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தான்.

“ஒண்ணு விடாம அனுப்பிடு. அவன் சொத்து” என்றாள் அம்மா. கப்பல் தபாலில் போகும் பெட்டிக்குத் துணி சுற்றித் தைக்க வேண்டும். கோணி ஊசியோடு எதிர்வீட்டு மாமி வந்து உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டே, “கடல் காத்து உள்ள போகப்படாதோல்லியோ?” என்றாள். தையல் அத்தனை நெருக்கமாக இருந்தது, தபால் அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

பெட்டி கப்பலேறி மூன்று வாரம் இருக்கும். திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது என் தோழி மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். யாரோ வாடிக்கையாளர் கொண்டுவந்த ஃப்ளாப்பியிலிருந்து வைரஸ் ஏறியிருந்தது. நாலு மெஷினில் இரண்டு எழவேயில்லை. எங்கள் பாட்டுகள் இருந்த மெஷின் அதில் ஒன்று.

“சர்வீஸ்காரன் வந்து பாத்துட்டான். டிஸ்க்ல ஒண்ணியும் இல்லியாம்” என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். வெப் பக்கத்தில் அந்த வாரத்து நாலு பாட்டுகள் மட்டும் மிச்சம். கேசட்டுகள் எங்கேயோ அரபிக்கடலில். பிறர் அனுப்பியவற்றில் நிறைய, கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. முதலாளிக்கோ பள்ளிப் புத்தகம் ஒன்று முழுக்கப் போய்விட்ட கவலை. நாங்கள் எங்கள் துக்கத்தை வெளியே சொல்லவும் முடியவில்லை. அந்த வாரம் முழுக்க இழந்த பக்கங்களை மறுபடி தட்டச்சு செய்தோம்.

வெள்ளிக்கிழமை அவள்தான் சொன்னாள். “நம்ம பக்கத்துல எயுதிப் போடலாம் பா. போச்சுன்னு. யாருனா எறக்கி வெச்சிருந்தா குடுங்கன்னு.”

“வாராவாரம் யாரு எறக்கி வெச்சிருப்பாங்க?”

“நீ தான் மொதல்ல யாரு பாப்பாங்கன்னு கேட்ட.”

நாலு வரி எழுதிப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை மெயிலைத் திறந்தால், மோடத்தின் லைன் தாங்காமல் அறுந்துகொண்டே இருந்தது. பிரேசில் ஆசிரியர் பாட்டுகளை மெயிலிலேயே அனுப்ப முயன்றிருந்தார். எங்கள் மெயில் பெட்டி நிரம்பி வழிந்து, மற்றவர்கள் மெயில் வெளியே நின்றது. ‘தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள்’ என்று அவசரமாக எழுத வேண்டியிருந்தது.

அடுத்த இரண்டு மாதங்கள் எங்கள் வீட்டு வாசலில் திருவிழா. பர்மிங்காம் நர்ஸ் ஒரு வாரம்கூட விடாமல் இறக்கி, சிடியில் பதிந்து வைத்திருந்தார். இரவு வேலை முடிந்து காரில் போட்டுக் கேட்பாராம். ஆசிரியர் ஒவ்வொரு பாட்டையும் துண்டு துண்டாக வெட்டி, ஃப்ளாப்பிகளில் அடைத்து, எது முதல் துண்டு, எது இரண்டாவது என்று வண்ணத்தாள் ஒட்டி அனுப்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒட்டியதாம், கோணலும் மாணலுமாக. லாரிக்காரரிடமிருந்து கேசட் வந்தது. எல்லாவற்றையும் திரும்பக் கேசட்டிலேயே பதிந்து வைத்திருந்தார். நாங்கள் முன்பின் அறியாதவர்களும் அனுப்பினார்கள். ஒரு மெயில்கூட எழுதாமல் எத்தனையோ பேர் வாராவாரம் வந்து, எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

தோழியும் நானும் மறுபடி செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாக அடுக்க அடுக்க ஒன்று புரிந்தது. எங்களிடம் இருந்ததைவிட அதிகமாக வந்திருந்தது. நாங்கள் கொடுத்ததோடு சேர்த்து ஒவ்வொருவரும் தங்களிடம் இருந்ததையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். பொடிந்துபோன டேப்பில் இருந்த பாட்டு ஒன்று நல்ல பதிவாகவே கிடைத்தது. தான்சானியாவிலிருந்தும் தகவல் வந்தது. பெட்டி பத்திரம், தையலைப் பிரிக்கத்தான் அரை மணி நேரம் ஆனது என்று.

இனி ஒரே இடத்தில் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். பர்மிங்காமில் ஒரு பக்கம், பிரேசிலில் ஒன்று, எங்களுடையது ஒன்று. ஒவ்வொரு பாட்டும் மூன்றிலும் இருக்கும். அதற்குள் என் தோழிக்குப் பெருங்குடியில் புதிதாக வந்த கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. சனி ஞாயிறுகளில் அடையாறில் ஒரு பிரௌசிங் சென்டரில் சந்திப்போம். பலகைத் தடுப்பு அடித்த சின்னச் சின்ன அறைகள். சென்டர்காரர் எங்களுக்காக ஸ்பீக்கர் இருக்கும் மெஷினைப் பிடித்து வைப்பார்.

அங்கேதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த மெயிலைத் திறந்தோம். கிங்ஸ்டனிலிருந்து. அதுவரை ஜமைக்காவிலிருந்து எங்களுக்கு ஒருவரும் எழுதியதில்லை. ஒரு பஸ் டிரைவர். அவர் அம்மா இளவயதில் ஸ்டூடியோக்களில் பின்னணிக் குரல் கொடுத்தவராம். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டின் பெயரைப் பார்த்திருக்கிறார். அந்தப் பாட்டில் பின்னால் பாடும் மூன்று பெண்களில் ஒருவர் அவர் அம்மா. ரெக்கார்டு வெளிவந்தபோது அவர்களுக்கு ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. ஒரு சூறாவளியில் வீடே போனதற்குப் பிறகு கேட்கவும் வழியில்லை. “அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கேசட்டில் பதிந்து அனுப்புவீர்களா?”

தோழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவங்க பாட்டு. அவங்ககிட்டயே இல்ல, பாத்தியா” என்றாள் மெதுவாக.

புதுக் கேசட் வாங்கி, இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்தோம். ஓட்ட ஓட்டத் தேய்ந்தாலும் மிச்சம் இருக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். விமானத் தபாலில் அனுப்பினோம்.

பதில் வர ஆறு வாரம் பிடித்தது. அந்த அம்மா முதல் தடவை கேட்டதும் பின்னால் ஓட்டச் சொன்னாராம். இரண்டாவது தடவை கூடவே பாடினாராம், தன் குரலின் பகுதியை மட்டும். மூன்றாவது தடவைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்களாம். பிறகு நாங்கள் எழுதிவைத்திருந்த வரிகளை மகன் பிரௌசிங் சென்டரில் அச்செடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டியிருக்கிறார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். மூன்று இடங்களில் தப்பு. அதிலும் ஒரு வரியில், நாங்கள் ‘நதி’ என்று எழுதி அதற்கு ஒரு வியாக்கியானமும் கொடுத்திருந்தது, உண்மையில் அந்தத் தெருவில் அப்போது இருந்த ரொட்டிக்கடைக்காரரின் பட்டப்பெயராம்.

“ஒரு மத்தியானம் பூரா சண்ட போட்டமே பா, அந்த வரிக்கு!” என்றாள் தோழி.

“யாரு சொன்னது சரின்னு இப்ப தெரியுது.”

“ரெண்டு பேரு சொன்னதும் இல்ல.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் திருத்த ஆரம்பித்தாள். பின்னணிப் பாடகிகள் என்ற இடத்தில் அதுவரை ‘தெரியவில்லை’ என்று இருந்தது. அதை அழித்துவிட்டு அந்த அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தாள். மற்ற இருவரின் பெயரையும் அவர் நினைவிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்தோம். மோடம் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை பக்கம் ஏறிவிட்டது.